குழு எழுதும் தளமா, மக்கள் எழுதும் தளமா?

பினாங்குத் தைப்பூசத்துக்கு இணையத்தளம் அமைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழுவே எழுதி ஏற்றுவது. ரதம் புறப்படும் நேரம், மூடப்படும் சாலைகள், பூசை நேரம் ஆகியவற்றுக்கு இதுதான் சரி.

இன்னொன்று, வருகிறவர்களே எழுதுவது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எந்தப் பந்தலில் மோர் தீர்ந்துவிட்டது, கைக்குழந்தையோடு உட்கார எங்கே நிழல் இருக்கிறது, பால்குடம் எடுப்பவர்கள் எந்த இடத்தில் நெரிசலில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரக் குழுவாலும் இதை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது.

"இதெல்லாம் நாலு நாள் மோகம்" என்பவர்கள் ஃபிரண்ட்ஸ்டர் என்ற பழைய சமூக வலைத்தளத்தைக் காட்டுவார்கள். 2009இல் மலேசிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. 2011இல் அது இணைய விளையாட்டுத் தளமானது, பயனர்கள் போட்டுவைத்த படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டன. உண்மைதான். ஆனால் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்றும் வளர்கிறது. அங்கே தவறாக எழுதினால் இன்னொருவர் திருத்தலாம், பழைய வடிவமும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். ஃபிரண்ட்ஸ்டரில் எல்லாமே நிறுவனத்தின் கையில் இருந்தது.

மக்களே எழுதும் முறை நிலைக்கும் என்றே நம்புகிறேன். நான் இரண்டாவதைத்தான் தேர்வேன், நேர அட்டவணையை மட்டும் பூட்டிவைத்துவிட்டு. அப்புறம், திருவிழா நடக்கும் மூன்று நாளும் வருகிற பதிவுகளைப் பார்த்துப் பொய்த் தகவலை நீக்க ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் முதல் வழியே போதும்.