ஏதென்ஸ் சிண்டாக்மா சதுக்கத்தில் காவல் மாற்றம்: கட்டணமில்லாத நல்ல காட்சி

கிரேக்க நாடாளுமன்றத்தின் முன்பு, 1932இல் திறக்கப்பட்ட அறியப்படாத போர்வீரர் நினைவிடத்தில், ‘எவ்சோன்’ எனப்படும் காவல் வீரர்கள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை மாறுகிறார்கள். கட்டணம் இல்லை, சிண்டாக்மா மெட்ரோ நிலையம் எதிரிலேயே இருக்கிறது.

வழக்கமான மாற்றத்தைவிட ஞாயிறு காலை 11 மணிக்கு இசைக்குழுவுடன் நடைபெறும் பெரிய அணிவகுப்பைத்தான் பரிந்துரைப்பேன். ஒட்டோமான் ஆட்சியின் நானூறு ஆண்டுகளைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 400 மடிப்புகள் கொண்ட வெள்ளைப் பாவாடையை அன்று அணிந்து வருகிறார்கள். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பாதத்தை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்குகிறார்கள். நுனியில் கருங்குஞ்சம் வைத்த அந்தக் காலணியின் அடியில் அடித்திருக்கும் ஆணிகள் பளிங்குத் தரையில் மோதும் ஓசை, முன்வரிசையில் நின்றால் நெஞ்சுக்குள் கேட்கிறது. அசையாமல் நிற்கும் வீரரின் நெற்றி வியர்வையை வேறொரு வீரர் வந்து துடைத்து, குஞ்சத்தையும் சீர்செய்துவிட்டுப் போனதுதான் எனக்கு அணிவகுப்பைவிடப் பிடித்திருந்தது.

நிழல் கிடையாது என்பதே பெரிய குறை. எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி 10.50க்குத்தான் கொண்டுபோய் விட்டதால், முதல் பத்து நிமிடங்கள் கைப்பேசிகளையும் தொப்பிகளையும் மட்டுமே பார்த்தோம். 10.15க்குள் சென்றுவிடுங்கள், தண்ணீரும் குடையும் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அணிவகுப்பு தொடங்கியதும் குடையை மடக்கிவிடுங்கள், பின்னால் நிற்பவர்களும் பார்க்க வேண்டுமல்லவா?