நல்ல கையைக் கட்டுவதா, இரு கைகளையும் பழக்குவதா?

பெருமூளை வாதத்தால் (மூளை பாதிப்பால் சிறுவயதிலேயே வரும் அசைவுக் குறைபாடு) உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு எந்தக் கைப்பயிற்சி நல்லது?

ஒரு முறையில், நன்றாக இயங்கும் கைக்கு உறையோ மாவுக்கட்டோ போட்டுவிட்டு, பலவீனமான கையாலேயே விளையாட வைப்பார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து கிளைத்த முறை இது. பல குழந்தைகள் அந்தக் கையைப் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை என்பதால், அதற்கு முதன்முதலாக வேலை கொடுப்பதே இதன் பலம். ஆனால் கட்டிய கையைப் பார்த்து அழும் பிள்ளையை வற்புறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று இருகைப் பயிற்சி. இதில் எதையும் கட்டுவதில்லை. பாட்டில் மூடி திறப்பது, காகிதத்தைப் பிடித்து வெட்டுவது, மணி கோப்பது, பொத்தான் போடுவது என இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் முடியும் விளையாட்டுகளையே தேர்ந்தெடுப்பார்கள். பலவீனமான கைக்குப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் வேலை. நிஜ வாழ்க்கையில் அதன் பங்கும் அதுதானே!

மணிநேரம் சமமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தினம் 6 மணி நேரம், 15 நாள், ஆக 90 மணி நேரம் என்பது ஆய்வுகளில் அடிக்கடி வரும் கணக்கு. சட்டை போடுவதுதான் குழந்தையின் ஆசை என்றால் நான் இருகைப் பயிற்சியையே கேட்பேன்.