மகளிர் ஸ்டேஷனா, சகி மையமா?

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருவருக்குத் துணையாகப் போய் அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். புருஷன் அடிக்கிறான் என்றால் எங்கள் பக்கம் வாயில் வருவது மகளிர் ஸ்டேஷன்தான். 1992 முதல் இருக்கிறது, ஊருக்கே தெரியும், அடித்தவனுக்கும் பயம் வரும். ஆனால் நாங்கள் போன இடத்தில் கேட்ட முதல் வார்த்தை, "புள்ளைங்க இருக்குதில்ல, அனுசரிச்சுப் போம்மா." அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். மனு ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார் அக்கா.

சகி எனும் ஒருங்கிணைந்த சேவை மையம் 2015இல் வந்த மத்திய அரசுத் திட்டம். ஆலோசனை, மருத்துவம், சட்ட உதவி ஒரே இடத்தில். ஐந்து நாள் வரை தங்கலாம். ஆறாம் நாள்? அதுதான் எனக்கும் உறுத்துகிறது. பேரணாம்பட்டு மாதிரி தூரத்து ஊரிலிருந்து மையத்துக்கு வருபவருக்கு ஒருநாள் கூலியும் போகும். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இன்று ராத்திரியே உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ்தான், யோசிக்கவே வேண்டாம். ஜெயில் வேண்டாம், வீடும் ஜீவனாம்சமும் போதும் என்பவருக்கு சகி வழிதான் மேல் என்பேன். அங்கிருந்து மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடலாம். வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை.

எங்கே போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் மட்டும் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். அக்கா அப்படித்தான் சொல்லியிருந்தார்.