வீட்டாருக்குக் கையால் செய்து கொடுக்க எது நல்லது: வாட்டர் கலரா, லினோ அச்சா, நூல் வேலையா, ஓலையா?

நாகர்கோவிலில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன், வீடு தக்கலை பக்கம். வகுப்புக்குச் செய்கிற வேலை மார்க் போட்டதும் சுருட்டி அலமாரி மேலே போய்விடும். வீட்டுக்காரர்களுக்குச் செய்கிற வேலை அப்படியில்லை, கொடுத்த பிறகும் தினமும் கண்ணில் படும், கெட்டுப்போனாலும் கண்ணில் படும். இரண்டு வருடமாகப் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், வளைகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறையில் செய்து பார்த்ததில் எது யாருக்குப் பொருந்தும், எது நம் ஊர்க் காற்றைத் தாங்கும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வாட்டர் கலர். குளச்சலில் இருக்கிற அம்மச்சியிடம் அப்பூப்பனின் (தாத்தாவின்) படம் என்று இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்ன போட்டோ மட்டும்தான், அதில் சட்டையை மேல் பட்டன் வரை மாட்டிக்கொண்டு விறைப்பாக இருப்பார். அவர் வீட்டில் அப்படி இருந்ததே இல்லை, தோளில் ஒரு துவர்த்து (துண்டு), கையில் சாயா கிளாஸ், திண்ணையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். அந்த உருவத்தை நான் நினைவிலிருந்தும் அந்த போட்டோவிலிருந்தும் சேர்த்து வரைந்து கொடுத்தேன். அம்மச்சி ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "மக்களே, கண்ணு அவருக்க கண்ணுதான்" என்றார். இல்லாத ஒரு போட்டோவை உண்டாக்கிக் கொடுக்க வேண்டுமென்றால் வரைவதைத் தவிர வேறு வழியில்லை, இந்த ஒரு விஷயத்தில் மற்ற எந்த முறையும் இதன் பக்கத்தில் வராது.

ஆனால் அடுத்த வருடம் ஆடி மாதம் போனபோது படத்தின் ஓரத்தில் கருப்பு கருப்பாகப் பூசணம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, நடுவில் காய்வதற்குக் கிடைக்கிற நாள் குறைவு, கடற்கரை வீடு என்றால் உப்புக் காற்று வேறு. வாட்டர் கலரில் நிறத்தைப் பிடித்து வைப்பது கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசின்தான், காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், தாளும் ஈரத்தை இழுக்கும். நான் செய்த தப்பு, படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து பிரேம் போட்டது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும், பின்பக்கத்தை டேப் போட்டு அடைக்க வேண்டும், மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. தாளும் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனாக இருந்தால்தான் தண்ணீர் போட்டதும் அலையலையாக வளையாமல் நிற்கும். பருத்தித் தாள் விலை அதிகம், பயிற்சிக்கு மரக்கூழ்த் தாளே போதும், ஆனால் கொடுக்கப் போகிற படத்துக்கு அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று நிறம். துவர்த்துக் கரைக்கு நான் போட்ட சிவப்பு அலிசரின் கிரிம்சன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே வருடத்தில் வெளிறத் தொடங்கிவிட்டது. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் நிறமி எண் பி.ஆர். 83 என்று இருந்தால் அதுதான் இது, வெளிச்சத்துக்குத் தாங்காது என்று பேர் எடுத்த நிறம். அதற்குப் பதில் பி.வி. 19 என்று போட்ட குயினாக்ரிடோன் சிவப்பு வாங்கினால் நீண்ட நாள் நிற்கும். டியூபின் முன்னால் போட்டிருக்கிற அழகான பெயரை நம்பாமல் இந்த எண்ணைப் பார்த்து வாங்குகிற பழக்கம் எனக்கு அந்தப் படத்திலிருந்துதான் வந்தது.

லினோ அச்சுக்கு வந்தது இந்தப் பூசணத்தைப் பார்த்த கோபத்தில். லினோலியம் என்பது ஆளி விதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத் தூள் சேர்த்து, சணல் துணி மேல் பரப்பிய தகடு. அதில் வேண்டாத இடத்தைக் கத்தியால் தோண்டி எடுத்துவிட்டு, மேடாக நிற்கிற இடத்தில் மை உருட்டி அழுத்தினால் படம் விழும். ஒரு தடவை வெட்டினால் போதும், அதே பிளாக்கில் அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, மைனிக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், சொந்தபந்தம் நிறைய உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டிசைனுக்கு நான் போனது பத்மநாபபுரம் அரண்மனைக்கு. பூமுகத்தில் (முன் வாசல் மண்டபத்தில்) அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது சும்மா பார்த்துவிட்டு வந்த அதே கூரை, லினோ பழகிய பிறகு பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, எங்கே மேடு விட வேண்டும், எங்கே குழி போட்டால் இதழ் தனியாகத் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் நான்கு பூவை வரைந்துகொண்டு வந்தேன்.

அதில் ஒன்றைத்தான் துவர்த்தின் ஓரத்தில் அச்சடித்தேன். இதில் கவனிக்க வேண்டியது நிறைய. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், முதலில் நன்றாக அலசி காயப்போட வேண்டும், இல்லையென்றால் சாயம் கஞ்சி மேல் உட்கார்ந்துவிட்டு முதல் துவைப்பிலேயே போய்விடும். துவர்த்து நெருக்கமில்லாத நெசவு, மெல்லிய கோடு அதில் நிற்காது, தடித்த உருவமாக வெட்டுங்கள். தாளில் அடிக்கும் எண்ணெய் மையைத் துணிக்கு எடுக்க வேண்டாம், மழைக்காலத்தில் அது காய்வதற்கு நாள்கணக்காகும். துணிக்கான அக்ரிலிக் பெயின்டை ரோலரில் மெல்லியதாக உருட்டி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாக அயர்ன் பண்ணிவிட்டால் துவைத்தாலும் நிற்கிறது. எழுத்து வெட்டுவதென்றால் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் திரும்பி விழும் என்பதை மறக்காதீர்கள். டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து லினோ மேல் தேய்த்தால் தானாகவே திருப்பி விழுந்துவிடும். லினோ கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இதை நான் பெருவிரலில் மூன்று தையல் போட்ட பிறகு கற்றுக்கொண்டேன், நீங்கள் படித்தே கற்றுக்கொள்ளுங்கள்.

அப்பா அந்தத் துவர்த்தைத் தினமும் தோளில் போடுகிறார். என்னுடைய வேலை ஒன்று இவ்வளவு புழங்கி நான் பார்த்தது அதுதான்.

நூல் வேலையை நான் அம்மாவுக்காக எடுத்தேன், தலையணை உறை ஒரு ஜோடி. எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும், இரண்டு இழை பிரித்துத் தைத்தால் கோடு மெல்லியதாக வரும், ஆறும் சேர்த்தால் தடிக்கும், பென்சிலை அழுத்துவது மாதிரிதான். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் தெரிந்தால் ஒரு கொடி முழுதும் போட்டுவிடலாம். லினோவில் ஒரு சாயங்காலத்தில் முடிகிற பூ இதில் ஐந்து வாரம் ஆனது, இன்னொருவர் கேட்டால் மறுபடி ஐந்து வாரம். அதனால் ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் அந்த நேரத்தின் மதிப்பு தெரிந்த ஆளுக்குத்தான் இதைச் செய்வேன். நம் ஊரில் அது தெரிந்தவர்கள் நிறைய. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கைவேலை பல வீடுகளில் பாட்டிமார் வழியாக இறங்கி வந்தது. அம்மா உறையை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், முடிச்சு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று. சாயம் போகிற நூலை மட்டும் வாங்கிவிடாதீர்கள், ஒரு துண்டை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓலை, செலவே இல்லாத பொருள் என்று நினைத்து இறங்கினேன். குருத்தோலை ஞாயிறுக்கு சிலுவை மடித்துப் பழகிய கைதானே என்ற தைரியமும் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் உட்கார்ந்து ஒரு சின்னப் பனையோலைப் பெட்டி பின்னக் கற்றேன், ஈர்க்கைக் கிழித்து எடுத்து, ஒரே அகலத்துக்கு வார்ந்து, லேசாக நனைத்துக்கொண்டு பின்ன வேண்டும், காய்ந்திருந்தால் மடிக்கிற இடத்தில் உடையும். கஷ்டம் என்னவென்றால் பனை ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், நல்ல குருத்து வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உருவம் முகம் எல்லாம் இதில் வராது, கட்டமும் கோடும்தான். இதுவும் மழையில் பூசணம் பூக்கும், ஆனால் வெயிலில் போட்டுத் தட்டினால் சரியாகிவிடும், வாட்டர் கலருக்கு அந்த வசதி இல்லை. நகை வைக்க, ஊசி நூல் வைக்க மைனிக்குக் கொடுத்தேன், நன்றாகப் பயன்படுகிறது.

கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணி கப்பிலோ காலண்டரிலோ பிரின்ட் போட்டுக் கொடுப்பது வேகமான வழி, அண்ணன் குழந்தைக்குப் பெயர் எழுதிய காலண்டர் அப்படித்தான் செய்தேன். அவசரத்துக்குச் சரி. கையால் செய்ததோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க 60 துவர்த்து, அரண்மனைப் பூவில் இன்னொன்று, பிளாக் பாதி வெட்டியாகிவிட்டது, மழை விடுகிற நாளாகப் பார்த்து கஞ்சி அலச வேண்டும். நடுவில் அப்பூப்பன் படத்தைப் பருத்தித் தாளில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன், இந்த முறை துவர்த்துக் கரைக்கு பி.வி. 19. அம்மச்சி பழைய படத்தைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார், அதனால் உள்சுவரில் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடிக்க வேண்டும்.