ரொறன்ரோவின் ‘ஓல் யூ கான் ஈற்’ சூஷி: முதலில் சோற்றைப் பாருங்கள்

கிழமை நாளில் மத்தியானம் என்றால் ஆளுக்கு 20 முதல் 25 டொலர். இரவு என்றால் 30 முதல் 40. ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ‘ஓல் யூ கான் ஈற்’ (ஒரே விலைக்கு வேண்டியமட்டும் சாப்பிடுகிற) சூஷிக் கடைகளில் விலை இப்போது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் இன்னும் ஓரிரு டொலர் கூடும். இந்தக் காசுக்குத் தேர்ந்த ஜப்பானியச் சமையல்காரர் முன்னால் இருந்து சாப்பிடுகிற சூஷி கிடைக்காது. ஆனாலும் கடையைப் பார்த்துப் பிடித்து, ஓடர் பண்ணும் ஒழுங்கும் தெரிந்திருந்தால், வயிறும் நாக்கும் நிறைகிற சாப்பாடு கிடைக்கும்.

சூஷி என்பது புளிப்பேற்றிய சோறும் மீனும் சேர்ந்தது. கடையை எடை போட மீனை விடச் சோறு நல்ல அளவுகோல். இந்த விலைக் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் உறைந்த கட்டிகளாகத்தான் வருகிறது, அதனால் கடைக்குக் கடை அதில் பெரிய வித்தியாசம் இராது. சோறோ அந்தந்தக் குசினியில் அன்றன்றைக்கு ஆக்குவது. குட்டை அரிசியை வடிக்காமல் ஆக்கி, சூடாக இருக்கும்போதே அரிசி வினாகிரி, சீனி, உப்பு மூன்றையும் கலந்து, உடம்புச் சூட்டுக்கு வரும்வரை ஆற விடவேண்டும். பரிமாறும்போதும் அந்த இளஞ்சூடு இருக்கவேண்டும். முதல் ஓடரில் சமன் மீன் நிகிரி (பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தது) இரண்டு எடுத்து ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மணிகள் தனித்தனியாகத் தெரிந்து, வாயில் போட்டதும் பிரிந்தால் குசினியில் கவனம் இருக்கிறது. குளிர்ந்து, நடுவில் கடினமாக இருந்தால் அது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த சோறு. குளிரில் மாச்சத்து மீண்டும் இறுகிவிடும், பிறகு எந்தச் சோஸ் ஊற்றினாலும் இளகாது. களி மாதிரி ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது சூட்டில் அழுத்திக் கிளறியிருக்கிறார்கள். புளிப்பே இல்லையென்றால் வினாகிரியில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சோற்றின் அளவையும் பார்க்கவேண்டும். நல்ல நிகிரியில் சோறு 15 முதல் 20 கிராம். மலிவுக் கடைகள் சிலவற்றில் அது 25, 30 வரை போய்விடும், மேலே மீன் கண்ணாடித் தாள் போலக் கிடக்கும். பத்து நிகிரி சாப்பிட்டால் 300 கிராம் சோறு உள்ளே போயிருக்கும், அது ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணும். வயிறு நிரம்புவது சோற்றால், காசு போவதோ மீனுக்கு என்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். மெஷினில் பிடித்த சோறு என்று முகம் சுளிக்கவேண்டாம். ஜப்பானின் சுசுமோ நிறுவனம் 1981 இல் கொண்டுவந்த நிகிரி மெஷினின் வாரிசுகள் இன்று உலகம் முழுக்க ஓடுகின்றன. சோறு நன்றாக இருந்தால் மெஷின் அதைக் கெடுப்பதில்லை.

மீனில் நம்பி எடுக்கவேண்டியது சமன்தான். இங்கே வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த அத்திலாந்திக் சமன். தயாரித்த தீவனம் தின்று வளர்வதால் ஒட்டுண்ணி ஆபத்து மிகக் குறைவு. பச்சையாகப் பரிமாறும் கடல் மீனை −20 பாகை செல்சியசில் 7 நாள், அல்லது உறைந்தபின் −35 இல் 15 மணித்தியாலம் வைத்தால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும். ஆகவே உறைந்த மீன் என்பது குறையல்ல, பாதுகாப்பு. குறை அதை இளக்குவதில் இருக்கிறது. சஷிமி எனும் சோறில்லாத பச்சை மீன் துண்டுக்குக் கீழே கோப்பையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அவசரமாக இளக்கியிருக்கிறார்கள். கடித்ததும் நடுவில் பல் கூசினால், மெல்லியதாக வெட்ட வசதி என்று பாதி உறைந்த நிலையில் வெட்டி அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் விட்டுச் சாப்பிட்டால் அது சரியாகிவிடும்.

‘வைற் ரியூனா’, ‘பட்டர்ஃபிஷ்’ என்று மெனுவில் இருக்கும் பளிச்சென்ற வெள்ளை மீனில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மரபணுச் சோதனைகளில் அந்தப் பெயர்களில் விற்றவை பலமுறை எஸ்கோலர் என்ற மீனாக இருந்திருக்கின்றன. வெண்ணெய் போலக் கரையும், ருசியும் உண்டு. ஆனால் அதிலுள்ள மெழுகு வகைக் கொழுப்பை நம் குடல் செரிக்காது. அளவு மீறினால் சில மணித்தியாலங்களில் எண்ணெய் எண்ணெயாக வயிற்றால் போகும். ஜப்பானில் இதை விற்கவே தடை. ஆசைக்கு ஒன்றிரண்டு துண்டு போதும், வயிறு இளகியவர்கள் தொடவே வேண்டாம். ‘ஸ்னப்பர்’ என்று வருவதும் பலவேளை திலாப்பியாதான். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஸ்னப்பர் என்று மகிழவும் ஒன்றும் இல்லை.

பலரும் தாண்டிப் போகிற ஒன்று ஹொக்கிகாய், நுனி சிவந்த மட்டி. வட அமெரிக்காவில் விற்கிற இந்த மட்டி பெரும்பாலும் கனடாவின் அத்திலாந்திக் கரைக் கடலில் எடுத்தது. பிடிக்கும்போது ஊதாவாக இருக்கும், வெந்நீரில் வாட்டியதும் சிவக்கும். ஏற்கனவே வாட்டியது என்பதால் பச்சை மீனுக்குத் தயங்குபவர்களும் சாப்பிடலாம். இலேசான இனிப்பும் கடிபடும் பதமும் உண்டு. ‘கிராப்’ என்று வருவதோ நண்டு இல்லை, பொலொக் மீனை அரைத்து மாச்சத்தும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்தது. கோதுமை, முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். நண்டுச் சாறு சேர்ப்பதும் உண்டு. பச்சை நிற வசாபி அநேகமாகக் குதிரைமுள்ளங்கியும் கடுகும் சாயமும் கலந்த பசை.

இனி ஓடர். பென்சிலும் தாளும் போய் இப்போது ரப்லெற். அதில் ‘1’ என்று அழுத்தினால் ஒரு துண்டா, ஒரு கோப்பையா என்பதுதான் முதல் பொறி. நிகிரிக்கும் சஷிமிக்கும் பெரும்பாலும் துண்டுக் கணக்கு. கடற்பாசித் தாளோடு சோற்றைச் சுற்றி வெட்டுகிற ரோலுக்கு 1 என்றால் 6 அல்லது 8 துண்டு வரும். நாலு பேர் ஆளுக்கொரு ரோல் அழுத்தினால் முப்பது துண்டு சோறு மேசையில் வந்து நிற்கும். மிச்சம் வைத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும், மீனை மட்டும் தின்று சோற்றை ஒதுக்குவதும் மிச்சம்தான். பெட்டியில் கட்டிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள்.

முதல் சுற்றில் சஷிமி, இரண்டு நிகிரி, ஒரு கடற்பாசி சலாட் மட்டும் போதும். இரவு மெனுவில்தான் சஷிமி தாராளம். மத்தியான மெனுவில் அது இல்லாமலோ எண்ணிக்கை வைத்தோ இருக்கும். சஷிமியே வேண்டாம் என்பவர்கள் இரவு விலை கொடுப்பது வீண். இரண்டாம் சுற்றில் ரோல், ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு வரும்படி. பொரியலைக் கடைசிக்கு விடவேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த றால் ரெம்புரா, வத்தாளங்கிழங்கு ரெம்புரா, உள்ளே இறைச்சி வைத்த கொழுக்கட்டை போன்ற கியோசா எல்லாம் முதலில் வந்தால் எண்ணெயும் மாவும் பசியை அடைத்துவிடும். ஒரே நேரத்தில் பத்து ரெம்புரா எடுக்கவும் கூடாது. குவித்து வைத்தால் அதன் ஆவியிலேயே மேற்பூச்சு நமத்துவிடும். ஆளுக்கு இரண்டு எடுத்து, முடிந்தபின் திரும்ப எடுப்பது நல்லது. கூம்பாகச் சுற்றித் தரும் ஹான்ட் ரோல் வந்த கையோடு சாப்பிடவேண்டியது. சோற்றின் ஈரம் நோரி என்ற அந்தக் கடற்பாசித் தாளில் ஏற நாலைந்து நிமிடம் போதும், பிறகு அது கடிபடாது, இழுபடும்.

நேரக் கட்டுப்பாடு 90 நிமிடம் அல்லது இரண்டு மணித்தியாலம். கடைசி ஓடர் அதற்கு முன்பே மூடிவிடும். சனி இரவில் குசினி திணறும், சில ஓடர்கள் வராமலே போகும். வரவில்லை என்று திரும்ப அழுத்துவதால் இரண்டும் சேர்ந்து வந்து மிச்சமாகிவிடும். அழுத்துமுன் பரிமாறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி இருப்பவர்கள் இங்கே ஏமாறும் இடங்கள் உண்டு. மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் மாசி போலக் காயவைத்த மீனில் இறக்கியது. அகெடாஷி ரோஃபு என்ற பொரித்த சோயாக் கட்டியின் மேலே ஆடுகிற மெல்லிய சீவலும் அதுவே. மரக்கறி ரெம்புரா பெரும்பாலும் றால் பொரித்த அதே எண்ணெயில்தான் வேகும். அவகாடோ ரோல், வெள்ளரிக்காய் ரோல், உப்புப் போட்டு அவித்த எடமாமே (பச்சைச் சோயா அவரை) ஆகியவற்றை நம்பி எடுக்கலாம். இனாரி என்ற இனிப்பு ரோஃபுப் பையையும் மீன் சாற்றில் ஊறவைப்பது உண்டு, கேட்கவேண்டும். மாடு சாப்பிடாதவர்கள் ‘ஷோர்ட் றிப்ஸ்’ (விலா இறைச்சி), ‘ரராக்கி’ (மேலாக மட்டும் வாட்டியது) இரண்டையும் பார்த்து எடுக்கவேண்டும், கியோசாவுக்குள் பன்றி இருப்பது சாதாரணம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சை மீன் வேண்டாம், வெந்த வகைகளே தாராளமாக இருக்கின்றன.

உள்ளே போகுமுன் வாசலில் ஒட்டியிருக்கும் சுகாதார அட்டையைப் பாருங்கள். ரொறன்ரோவில் 2001 இல் தொடங்கிய டைன்சேஃப் முறையில் பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் மூடியது. மார்க்கம் யோர்க் பிராந்தியத்துக்குள் வருவதால் அங்கே யோர்க்சேஃப் அட்டை. பச்சை மீன் விற்கும் கடையில் மஞ்சள் தொங்கினால் வேறு கடை பார்ப்பதே சரி.

பில்லில் 36 டொலர் இரவுச் சாப்பாட்டுக்கு 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி 4.68. அதற்கு மேல் 15 வீதம் ரிப்ஸ் 5.40 என்று நினைப்போம். ஆனால் கார்ட் மெஷின்கள் பல வரியையும் சேர்த்த 40.68 இல் கணக்குப் போடுவதால் 6.10 ஆகி, மொத்தம் 46.78 இல் வந்து நிற்கும். ஆறு, எட்டுப் பேருக்கு மேல் போனால் சில கடைகள் ரிப்ஸைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். பில்லில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினில் இன்னொரு 15 வீதத்தை அழுத்திவிடாதீர்கள்.