அறைக்குள் அணிய ஒரு ரோஸ் நிறக் கண்ணாடி: எஃப்எல்-41 லென்ஸ் பற்றிய மதிப்பீடு

கட்டடத்துக்குள் வந்த பிறகும் கூலிங் கிளாஸைக் கழற்றாதவர்களில் தோற்றத்துக்காக அணிபவர்களும் உண்டு, டியூப் லைட் வெளிச்சமே கண்ணைக் குத்துவதால் வேறு வழியின்றி அணிபவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் ஒளிக்கூச்சத்துக்காக, கண் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்ட பின், எஃப்எல்-41 எனப்படும் ரோஸ் நிறச் சாயம் ஏற்றிய லென்ஸை என் பவருக்கு ஏற்றபடி செய்து வாங்கி, வேலை நேரம் முழுவதும் அணிந்து வருகிறேன். அறைக்குள் ஒரு நிறக்கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியைவிட இதுவே சரியான பொருள் என்பது என் உறுதியான கருத்து.

கறுப்புக் கண்ணாடி ஏன் சரிப்படாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வெயிலுக்காக விற்கப்படும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை, உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு பிரிக்கப்படும் வகைகளில் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவை கண்ணுக்குள் விடும் ஒளி 8 முதல் 18 சதவீதம் மட்டுமே. நேரடி வெயிலின் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ் வரை போகும் என்பதால் வெளியே அது பொருத்தமானது. அலுவலக அறையிலோ 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும்; அதிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டால் பொழுது சாய்ந்த மங்கலில் வேலை செய்வதைப் போலாகிவிடும். கண்மணி விரிந்துகொள்ளும், பார்வையின் கூர்மை குறையும், படிக்கட்டில் இறங்கும்போது கடைசிப் படி எது என்று தெரியாமல் கால் தடுமாறும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், கண் இருட்டுக்குப் பழகிவிடுவதாகும். மங்கலில் இருக்க இருக்க விழித்திரையின் உணர்திறன் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும். முழு இருட்டுக்குப் பழக அதற்கு 20 முதல் 30 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். நாள் முழுவதும் கறுப்புக் கண்ணாடியோடு இருப்பவருக்கு, அதைக் கழற்றியதும் சாதாரண விளக்கே தாங்க முடியாததாகத் தோன்றும். உடனே மறுபடியும் மாட்டிக்கொள்வார். கூச்சத்தைத் தணிக்க அணிந்த கண்ணாடியே கூச்சத்தை வளர்க்கத் தொடங்கும். இதனால் கண் கெட்டுவிடும் என்பதில்லை; ஆனால் கண்ணாடியை விட்டு விலகுவது கடினமாகிவிடும்.

எஃப்எல்-41 எல்லா ஒளியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. ஏறத்தாழ 480 முதல் 520 நானோமீட்டர் வரையிலான நீல-பச்சைப் பகுதியை மட்டும் கூடுதலாக வடிகட்டி, மற்றவற்றைப் பெருமளவு உள்ளே விடுகிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட செல்கள் 480 நானோமீட்டர் அருகில்தான் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. ஒளியால் வலி கூடுவதில் இந்தச் செல்களுக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1991-இல் ஒற்றைத் தலைவலி உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஒரு சிறிய ஆய்வில், நான்கு மாதங்கள் இந்தச் சாயக் கண்ணாடியை அணிந்தவர்களுக்கு, மாதத்துக்குச் சராசரியாக 6.2 ஆக இருந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் நோய் உள்ளவர்களுக்கும் இதே சாயம் பரிந்துரைக்கப்படுகிறது.

என் பயன்பாட்டில், தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கின் உறுத்தல் நன்றாகவே குறைந்திருக்கிறது. கணினித் திரையின் வெண்மையும் முகத்தில் அடிப்பதில்லை. அணிந்தவுடன் வெள்ளைத் தாள் ரோஸ் நிறமாகத் தெரியும், சற்று நேரத்தில் மூளை அதைச் சரிசெய்துகொள்ளும். பச்சை நிறம் மட்டும் முழுமையாகத் திரும்புவதில்லை. கணக்கு அட்டவணையில் வெளிர் பச்சைக் கட்டங்களையும் சாம்பல் நிறக் கட்டங்களையும் பிரித்தறியக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி மேல்வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. புகைப்படம், அச்சு, துணி என நிறத்தை வைத்தே தொழில் செய்பவர்களுக்கு இது உண்மையான குறை. இன்னொரு குறையும் உண்டு: பின்னால் விளக்கு இருந்தால் அதன் பிம்பம் லென்ஸின் உட்பக்கத்தில் மின்னுகிறது. உட்பக்கத்துக்கும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு வேண்டும் என்று சாயம் ஏற்றக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

தோற்றத்தைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. ஃபேஷன் காட்சிகளின் முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு அமரும், ‘வோக்’ ஃபேஷன் இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்த அன்னா வின்டூரைப் போன்றவர்களுக்கு அது ஓர் அடையாளம். முகபாவத்தை மறைப்பதும் அதன் பயன்களில் ஒன்று. ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு நம் கண்கள் தெரிய வேண்டும். ரோஸ் நிற லென்ஸில் அவை தெளிவாகத் தெரிகின்றன. பேசுபவர் தயங்குவதில்லை, காரணம் கேட்பதும் அரிது. மெல்லிய உலோக ஃபிரேமில் இந்த நிறம் மிக அழகாக இருக்கும். இருந்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்க, சற்று அகலமான, முகத்தோடு வளைந்து வரும் ஃபிரேமையே பரிந்துரைப்பேன்.

இதற்கு மாற்றாகக் கடைகளில் காட்டப்படும் போட்டோகுரோமிக் லென்ஸ் பெரும்பாலும் புற ஊதாக் கதிர் பட்டால் கறுக்கும் வகையைச் சேர்ந்தது. அறைக்குள் அந்தக் கதிர் மிகக் குறைவு என்பதால் அங்கே அது தெளிவான கண்ணாடியாகவே இருந்துவிடும். போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பிலிருந்தும் சாலையிலிருந்தும் தெறிக்கும் ஒளிக்கானது; அதை அணிந்துகொண்டு கைபேசியைத் திருப்பினால் சில கோணங்களில் திரை முழுதும் இருண்டுவிடும்.

வாங்கும்போது எஃப்எல்-41 என்ற பெயரோடு நிற்காமல், லென்ஸ் எத்தனை சதவீத ஒளியை உள்ளே விடுகிறது என்றும் கேளுங்கள். அறைக்குள் அணிவதற்கும் வெயிலில் அணிவதற்கும் வெவ்வேறு அடர்த்திகள் கிடைக்கின்றன. இரவில் வண்டி ஓட்டும்போது எந்தச் சாயக் கண்ணாடியும் வேண்டாம். கண் உலர்வு, கண்ணுக்குள் அழற்சி எனச் சிகிச்சை தேவைப்படும் காரணங்களாலும் ஒளிக்கூச்சம் வரும். அது திடீரென்று தொடங்கியிருந்தாலோ, கூடவே வலியோ சிவப்போ பார்வை மங்கலோ இருந்தாலோ, கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.