வீட்டு ஆளையே மாடலாக வைத்து முகப்படம் பழக: கேனான் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ்

கையில் கேனான் 1500டி கேமராவோ 200டியோ, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், முன்னால் நிற்கச் சம்மதித்த மனைவி அல்லது கணவர். இவ்வளவும் இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது இந்த லென்ஸ்தான். 2015இல் வந்தது, எடை 160 கிராம், விலை பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். வெளிச்சம் நுழையும் துளையின் அளவைத்தான் எஃப் எண் சொல்கிறது, எண் குறைந்தால் துளை பெரிது. கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது, இது 1.8 வரை திறக்கும். ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம். வடசென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து வீடுகளில் வாசல் வெளிச்சத்தை மட்டும் நம்பி ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அது கட்டாயம் வேண்டும்.

ஆனால் முதல் இரண்டு மாதம் 1.8இல் எடுக்காதீர்கள். 2.8இல் நிறுத்துங்கள். இந்த லென்ஸை வாங்கிய பலர் "ஷார்ப்பாவே வரல" என்று ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் லென்ஸ் இல்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 1.8இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. தான். முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொன்னாலே தூரத்துக் கண் 4 செ.மீ. பின்னால் போய்விடும், கிட்டத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மற்றது மங்கும். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மிஞ்சுவது 3 செ.மீ.கூட இல்லை. 2.8இல் அதே ஒன்றரை மீட்டருக்கு 9 செ.மீ.க்கு மேல் கிடைக்கிறது. இரண்டு கண்ணும் உள்ளே வரும், காது மென்மையாகக் கரையும், பின்னால் இருக்கும் கொடிக்கயிறும் காணாமல் போகும். உச்சி வெயிலில் 1.8 வைத்தால் இன்னொரு சிக்கல்: ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100க்கு இறக்கினாலும் 1/8000 நொடி ஷட்டர் கேட்கும், இந்தக் கேமராக்கள் 1/4000இல் நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும்.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விடக்கூடாது. நம் முகங்களில் அது எதைப் பிடிக்கும் தெரியுமா? பொட்டை. வெளிர் நெற்றியில் கரும்பொட்டு, மாநிறத்தில் பளிச்சென்ற கல் பொட்டு, எதுவானாலும் ஆட்டோஃபோகஸுக்கு அது கொழுத்த இலக்கு. அடுத்தது மூக்குத்தி, கண்ணைவிட இரண்டு மூன்று செ.மீ. முன்னால் மின்னுகிறது. கண்ணாடி போட்டவர் என்றால் அதன் பிரேம். அதனால் ஒரே புள்ளி, ஒன்-ஷாட் மோட் (ஒருமுறை ஃபோகஸ் பிடித்ததும் பூட்டிவிடும்), கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணின் கீழ் இமை ஓரம். நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃபிரேமை நகர்த்துகிறவர்கள், பூட்டிய பிறகு உடம்பு முன்னே பின்னே ஆடுவதைக் கவனிப்பதில்லை. 3 செ.மீ. சாய்ந்தால் போதும், கண் போய்விடும். முழங்கையை விலாவில் ஒட்டி, பூட்டிய நொடியே அமுக்குங்கள். 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) கண்ணைத் தேடும் வசதியை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

இந்தக் கேமராக்களில் 50 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவின் 80 எம்எம் போலப் பார்க்கும். முகத்துக்கு அருமையான கோணம், மூக்கு பெருக்காது. அறைக்குள்தான் இடிக்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒன்றரை மீட்டரில் நின்றால் 67 செ.மீ. உயரம் பிடிக்கும், அதாவது தலையிலிருந்து மார்பு வரை. இடுப்பு வரை வேண்டுமென்றால் 2 மீட்டர். முழு ஆளும் வேண்டுமென்றால் 4 மீட்டருக்கு மேல் விலக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அது நடக்காது, சுவரில் முதுகு இடிக்கும். முழு உருவத்துக்கு மொட்டை மாடிக்கோ நீளமான தாழ்வாரத்துக்கோ போங்கள். ஒன்றரை மீட்டர் என்பது சாதாரணமாகப் பேசிக்கொள்கிற தூரம்; கத்தத் தேவையில்லை, மூச்சு முகத்தில் படும் அளவுக்கும் இல்லை. ஜோடியாகப் பழகுகிறவர்களுக்கு இந்த லென்ஸை நான் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

வெளிச்சத்துக்கு வாசல்தான் ஸ்டுடியோ. நிலைப்படியிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வெளியே பார்த்து நிற்க வையுங்கள். நீங்கள் படிக்கு வெளியே ஓரமாக, வெளிச்சத்தை மறைக்காமல். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அணைக்காவிட்டால் பகல் வெளிச்சத்தோடு கலந்து ஒரு கன்னத்தின் நிறம் கெடும். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். வாசல் ஒரு குட்டி வெள்ளைச் சதுரமாக, கருவிழியின் மேல் பாதியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முகம் தாழ்ந்திருக்கிறது அல்லது ஆள் அதிகம் உள்ளே போய்விட்டார். அந்தச் சதுரம் இல்லாத கண் தூங்குகிற கண் மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டுச் சுவரையும் கவனியுங்கள். நம் தெருக்களில் பச்சை, நீலம், ரோஸ் என்று அடர்ந்த பூச்சுகள் அதிகம். வெயில் அந்தச் சுவரில் விழும் நேரம் அதன் நிறம் அப்படியே கன்னத்தில் ஏறும். ஒயிட் பேலன்ஸை (படம் முழுவதற்குமான நிறச் சரிக்கட்டல்) மாற்றினாலும் சரியாகாது, ஏனென்றால் சாயம் ஏறியது ஒரு பக்கம் மட்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் வெள்ளைச் சார்ட் வாங்கி இரண்டுக்கு மூன்று அடி தெர்மாகோலில் ஒட்டினால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் தயார். நிழல் விழும் கன்னத்தின் பக்கம், மார்பு உயரத்தில் அவரே பிடித்துக்கொள்ளலாம். ஃபிரேம் மார்போடு முடிகிறதே. தாடைக்கு நேர் கீழே வைத்தால் பேய் வெளிச்சம் ஆகிவிடும். ஜன்னலில் நேர் வெயில் என்றால் வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள், கரை ஃபிரேமுக்கு வெளியே இருக்கட்டும்.

ஷட்டர் 1/200க்குக் கீழே இறங்க விடாதீர்கள், இந்த லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். மின்விசிறியை நிறுத்தாதீர்கள், முடி பறப்பதை 1/200 உறைய வைத்துவிடும், நெற்றி வியர்வையின் பளபளப்பைத்தான் எந்த செட்டிங்கும் எடுக்காது. பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள்.

நிறம் பற்றி ஒன்று. வெள்ளைச் சுவர் முன் கேமரா முகத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை +2/3 கூட்டுங்கள். ஆனால் கறுத்த முகத்தின் மேலேயே ஸ்பாட் மீட்டரிங் (சிறு பகுதியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது; 1500டியில் இது இல்லை, பார்ஷியல் மீட்டரிங்தான்) வைத்தால் அதைச் சாம்பல் அளவுக்கு வெளுக்கப் பார்க்கும், அப்போது -2/3 குறைக்க வேண்டும். முகத்தின் சொந்த நிறம் அப்படியே வர வேண்டும். வெளுத்துக் காட்டுவதை அழகு என்று பழகிக்கொண்டால் பிறகு வெளிச்சத்தைப் படிக்கவே வராது.

வெளியே போவதென்றால் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரம் இருக்கிறது. காலை ஏழுக்குப் பிறகு கடலைப் பார்த்து நின்றால் கண் கூசும். மாலை ஐந்து மணிக்கு, வெயில் மேற்கே வீடுகளுக்குப் பின்னால் இறங்கியதும், அவரைக் கடலைப் பார்த்து நிற்க வைத்து நீங்கள் கடலுக்கு முதுகு காட்டுங்கள். கிழக்கு வானம் முழுவதும் ஒரே பெரிய மென்மையான விளக்காக முகத்தில் விழும், பின்னணி நிழலில் அடங்கும். கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் ஏற்றாதீர்கள், பாசி வழுக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓயாது. கேமராவில் கண் வைத்தபடி பின்னால் நகரவே கூடாது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் பின்னணியாக்குவதும் வேண்டாம்.

எதிரில் நிற்பவரைப் பற்றி லென்ஸ் விமர்சனங்களில் எழுதுவதே இல்லை. 20 நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். அவர் வருவதற்கு முன்பே தண்ணீர்க்குடத்தையோ நாற்காலியையோ அங்கே வைத்து ஃபோகஸும் வெளிச்சமும் சரிபாருங்கள். "சிரி" என்று சொன்னால் பல்தான் வரும். "கண்ணை மட்டும் இங்க திருப்பும்மா", "தாடையைக் கொஞ்சம் முன்னால நீட்டி லேசா இறக்குங்க" என்று ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். கைக்குப் பூ தொடுக்கும் வேலை கொடுத்தால் தோள் தானாக இறங்கும். படம் சரியில்லை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தன் முகத்தில்தான் ஏதோ குறை என்று அவர் எடுத்துக்கொள்வார். பிறகு இடம் மாறி நீங்கள் நில்லுங்கள். லென்ஸ் முன்னால் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பது என்னவென்று அப்போது புரியும்.

குறைகளும் உண்டு. 1.8இல் மல்லிகைச் சரம், ஜிமிக்கி ஓரங்களில் ஊதா விளிம்பு வரும், 2.8இல் பெரும்பாலும் அடங்கிவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். கேமராவை அணைத்துவிட்டால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் ஒன்றும் நகராது. முன்குழல் வெளியே நீளும். அதில் அடிபட்டால் மோட்டார் கெடும், எனவே ஹூட் (முன்னால் மாட்டும் மறைப்பு) போட்டே வையுங்கள். பழையது வாங்கினால் பின்பக்க வளையம் உலோகமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அது 1990இன் 2ஆம் பதிப்பு. அதில் துளையை மூடும் அப்பர்ச்சர் இதழ் 5, 45 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. எஸ்டிஎம்மில் 7 இதழ், 35 செ.மீ. வரை போகலாம். செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடல் காற்றுக்கு இந்த லென்ஸில் எந்த அடைப்பும் இல்லை. 49 எம்எம் யுவி ஃபில்டர் ஒன்று போட்டு, கரையில் லென்ஸைக் கழற்றாமல், வீடு வந்ததும் லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் வெளிப்புறத்து உப்பைத் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.